ஓட்டத்துக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட்

எம்ஆர்ஐ படங்களிலிருந்து மூளையின் ஒவ்வொரு பகுதியின் கன அளவையும், புறணியின் தடிமனையும் கணக்கிட்டுத் தரும் மென்பொருள் ஃப்ரீசர்ஃபர். 2012-இல் 'பிளோஸ் ஒன்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஒரே படத் தொகுப்பை அந்த மென்பொருளின் மூன்று பதிப்புகளிலும் வெவ்வேறு கணினிகளிலும் ஓட்டிப் பார்த்தது. பதிப்புக்குப் பதிப்பு கன அளவு சராசரியாக 8.8 சதவீதமும், தடிமன் 2.8 சதவீதமும் வேறுபட்டன. பதிப்பு மாறினால் விடை கொஞ்சம் மாறலாம் என்பதை எல்லோரும் ஏற்பார்கள். ஆனால் மென்பொருளைத் தொடாமல் மேக் கணினியின் இயங்குதளத்தை மட்டும் 10.5-இலிருந்து 10.6-க்கு மாற்றியபோதும் அளவுகள் நகர்ந்தன. மேக்கிலிருந்து எச்பி கணினிக்கு மாறியபோதும் அதே கதைதான். இந்த வேறுபாடுகள் பதிப்பு மாற்றத்தால் வந்ததில் சுமார் பாதி இருந்தன. மறதி நோயில் மூளையின் ஒரு பகுதி ஓராண்டில் சுருங்குவதே சில சதவீதம்தான் என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

காரணத்தின் ஒரு பகுதி பின்னால் தெரிந்தது. 2015-இல் வந்த மற்றோர் ஆய்வு, லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான க்ளிப்சியில் கோசைன், எக்ஸ்பொனென்ஷியல் போன்ற கணிதச் சார்புகளின் கடைசி இலக்கங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதைக் காட்டியது. ஆயிரக்கணக்கான படிகள் கொண்ட கணக்கில் அந்தக் கடைசி இலக்க வேறுபாடு வளர்ந்துகொண்டே போகும். 0.1, 0.2, 0.3 என்ற மூன்று எண்களை இரட்டைத் துல்லியத்தில் கூட்டிப் பாருங்கள். முதல் இரண்டை முதலில் கூட்டினால் 0.6000000000000001 வரும். கடைசி இரண்டை முதலில் கூட்டினால் 0.6 வரும். கூட்டும் வரிசைக்கே இந்தப் பாடு என்றால், ஆயிரம் ப்ராசசர்கள் தனித்தனியே கணக்கிட்டு, எம்பிஐ லைப்ரரி தனக்கு வசதியான வரிசையில் கூட்டித் தரும் விடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால்தான் உயர்திறன் கணிப்பில் நிரலை மட்டும் வெளியிடுவது போதாது. நிரலுக்கு அடியில் கம்பைலர், எம்பிஐ, பிளாஸ் போன்ற கணித லைப்ரரிகள், க்ளிப்சி, நெட்வொர்க் டிரைவர், கெர்னல் என்று ஓர் அடுக்கே இருக்கிறது. அந்த அடுக்கை எழுத்தில் விவரிப்பது நல்லது. அப்படியே பிடித்து வைப்பது அதைவிட நல்லது. இந்த அத்தியாயம் அதைச் செய்யும் முறையைச் சொல்கிறது.

எந்த ஸ்னாப்ஷாட்?

இந்தச் சொல்லை மூன்று வேலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். இசட்எஃப்எஸ், பிட்டிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் எடுப்பது தரவின் ஸ்னாப்ஷாட். நொடியில் முடியும், தவறுதலாக அழித்ததை மீட்க உதவும். டிஎம்டிசிபி, க்ரியு போன்ற கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தை எழுதி வைக்கும். நீண்ட கணக்கு பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டும் பயனுள்ளவை. ஆனால் நமக்கு வேண்டியது மூன்றாவது: இயங்குதளம், லைப்ரரிகள், நிரல், அமைப்புக் கோப்புகள் எல்லாம் அடங்கிய, வேறோர் இயந்திரத்தில் ஏற்றி ஓட்டக்கூடிய முழு இமேஜ்.

அந்த இமேஜ் முழு இயந்திரத்தின் இமேஜா, கன்டெய்னர் இமேஜா என்பது அடுத்த கேள்வி. எதை நிரூபிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே விடை அமையும். விடையின் சரித்தன்மைதான் முக்கியம் என்றால் பெரும்பாலும் கன்டெய்னர் போதும். வேகத்தைப் பற்றிய ஆய்வு என்றால் போதாது. இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆஸ்கி க்யூ. 8,192 ப்ராசசர்கள் கொண்ட அந்த இயந்திரத்தில் சேஜ் என்ற நிரல், கணித மாதிரி சொன்னதைவிட ஏறக்குறைய இரு மடங்கு நேரம் எடுத்தது. ஒவ்வொரு நோடிலும் 4 ப்ராசசர்களுக்குப் பதில் 3 மட்டும் பயன்படுத்தினால் வேகம் கூடியது. பெட்ரினி, கெர்பைசன், பேக்கின் மூவரும் 2003-இல் எழுதிய கட்டுரையில் இதற்கான காரணத்தைத் துலக்கினார்கள். பின்னணியில் அவ்வப்போது விழித்துக்கொள்ளும் சிறிய சிஸ்டம் வேலைகள்தான் காரணம். ஒரு நோடில் ஒரு சிறு வேலை குறுக்கிட்டால் மற்ற எல்லா நோடுகளும் அதற்காகக் காத்து நிற்கும். வன்பொருளில் எதையும் மாற்றாமல், அந்தப் பின்னணி வேலைகளைக் குறைத்தும் இடம் மாற்றியும் வேகத்தை இரு மடங்காக்கினார்கள். அந்தப் பின்னணி வேலைகள் எந்தக் கன்டெய்னருக்குள்ளும் வராது. அவை தாய் இயந்திரத்தின் சொத்து. வேகத்தை அளப்பவர் தாய் இயந்திரத்தையே இமேஜாக எடுக்க வேண்டும்.

முதலில் இமேஜ், பிறகு எண்கள்

வழக்கத்தில் நடப்பது இது: மாதக்கணக்கில் ஒரு நோடில் வேலை செய்கிறோம், இடையிடையே எதையாவது நிறுவுகிறோம், எண்கள் வருகின்றன, கட்டுரை ஏற்கப்படுகிறது, அதன்பிறகு ஆவணம் கேட்கிறார்கள் என்பதால் ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம். எண்கள் வந்த நாளில் இருந்த இயந்திரமும் இமேஜில் இருக்கும் இயந்திரமும் ஒன்றா என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நடுவில் ஒரு தானியங்கிப் புதுப்பிப்பு வந்து லைப்ரரியை மாற்றியிருக்கலாம்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். நிரல் முடிவான நிலைக்கு வந்ததும் ஸ்னாப்ஷாட் எடுங்கள். அதைப் புதிய நோடில் ஏற்றுங்கள். கட்டுரையில் போகப்போகும் எண்களை அந்தப் புதிய நோடில்தான் எடுக்க வேண்டும். அப்போது இமேஜ் வேலை செய்கிறது என்பதும், எண்கள் அதிலிருந்துதான் வந்தன என்பதும் ஒரே ஓட்டத்தில் உறுதியாகின்றன. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பைத் திட்டத்தின் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

முழு இயந்திரம் கையில் இருந்தால்

சிகாகோ பல்கலைக்கழகமும் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் அட்வான்ஸ்டு கம்ப்யூட்டிங் சென்டரும் நடத்தும் கமீலியன் சோதனைத் தளம் இதற்கென்றே பொருத்தமான இடம். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் 2015 முதல் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. அங்கே மெய்நிகர் இயந்திரம் மட்டுமல்ல, முழு நோடையே தருகிறார்கள். ரூட் அனுமதி உங்களுடையது, கெர்னலையும் மாற்றலாம். ஒரு குத்தகை பொதுவாக 7 நாள் வரை. நீட்டிக்கக் கேட்கலாம், ஆனால் குத்தகை முடிந்தால் நோட் அடுத்தவருக்குப் போகும், வட்டில் இருந்ததும் போகும். அதனால் அங்கே ஸ்னாப்ஷாட் எடுப்பது அன்றாடத் தேவை. சிசி-ஸ்னாப்ஷாட் என்ற கருவியை நோடுக்குள்ளேயே ரூட்டாக ஓட்டி ஒரு பெயர் கொடுத்தால், அது கோப்பு முறைமையை இமேஜாகக் கட்டி, மையத்தின் இமேஜ் களஞ்சியத்தில் ஏற்றிவிடும். அடுத்த குத்தகையில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் நோட் அதே நிலையில் எழும். பிரான்சின் கிரிட்'5000 இதற்கு முன்பே இதே வழியில் போனது. அங்கே டிஜிஇசட்-ஜி5கே என்ற கருவி இமேஜை எடுக்கும், காடிப்ளாய் அதை நோடுகளில் இறக்கும்.

கருவியை ஓட்டுவது எளிது. ஓட்டுவதற்கு முன் சுத்தம் செய்வதில்தான் நேரம் செலவிட வேண்டும். பொது வெளியில் போகும் இமேஜுக்குள் உங்கள் எஸ்எஸ்எச் தனிச் சாவி, களஞ்சியத்தின் டோக்கன், கடவுச்சொல் தட்டிய ஷெல் வரலாறு ஆகியவை இருந்தால் அவையும் ஊருக்குப் போகும். விலை கொடுத்து வாங்கிய கம்பைலரின் உரிமக் கோப்பு இருந்தால் சட்டச் சிக்கலும் வரும். இன்னொன்று: வட்டை பிளாக் பிளாக்காக நகலெடுக்கும் கருவி என்றால், நீங்கள் அழித்த கோப்பின் எச்சமும் கூடவே வரும், எனவே காலி இடத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்பிய பிறகு எடுங்கள். இமேஜும் வெகுவாகச் சிறுக்கும்.

அடுத்து, இயந்திரத்தின் தனி அடையாளங்களை நீக்க வேண்டும். மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்தால் அடுத்த பூட்டில் புதிது பிறக்கும். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளை அழியுங்கள். கிளவுட்-இனிட்டின் பழைய நிலையைத் துடையுங்கள். இல்லாவிட்டால் புதிய நோட் தன்னைப் பழைய நோட் என்று எண்ணி நெட்வொர்க்கைத் தவறாக அமைத்துக்கொள்ளும். எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய வட்டின் அடையாள எண் நின்றால் நோட் எழவே எழாது. பல நோடுகளை ஒரே இமேஜிலிருந்து எழுப்பும் உயர்திறன் சோதனைகளில் இவை ஒவ்வொன்றும் பலமுறை கடிக்கும்.

தரவை இமேஜுக்குள் வைக்காதீர்கள். இமேஜ் பெருத்தால் யாரும் இறக்கிப் பார்க்க மாட்டார்கள். தரவைத் தனியே வைத்து, ஒவ்வொரு கோப்பின் ஷா-256 எண்ணையும் இமேஜுக்குள் ஓர் உரைக் கோப்பில் எழுதுங்கள். ஓட்டத்தைத் தொடங்கும் ஸ்கிரிப்ட் முதலில் அந்த எண்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கூட்டுக் கிளஸ்டரில் இருந்தால்

நம்மில் பெரும்பாலோருக்கு முழு நோடும் ரூட்டும் கிடைப்பதில்லை. ஒரு கணிப்பு மையத்தின் கிளஸ்டரில் ஸ்லர்ம் வரிசையில் காத்திருந்து ஓட்டுகிறோம். அங்கே கன்டெய்னர்தான் வழி. ஆனால் பரவலான கன்டெய்னர் கருவியான டாக்கருக்கு ரூட் அனுமதியோடு ஓடும் ஒரு பின்னணி நிரல் தேவைப்பட்டதால் மையங்கள் அதை அனுமதிக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப 2015-இல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் கிரெகரி கர்ட்சர் தொடங்கியது சிங்குலாரிட்டி. 2021-இல் லினக்ஸ் அறக்கட்டளைக்குப் போனபோது அதன் பெயர் ஆப்டெய்னர் ஆனது. இதன் இமேஜ் ஒரே ஒரு எஸ்ஐஎஃப் கோப்பு, எழுத முடியாதது. நகலெடுக்கலாம், ஷா-256 எடுக்கலாம், கையொப்பமிடலாம். ஆவணமாக வைப்பதற்கு இந்த ஒரே-கோப்பு வடிவம் மிகவும் ஏற்றது.

ஆனால் ஆப்டெய்னரில் ஒரு வசதியே ஆபத்தாகிறது. வழக்கமான அமைப்பில் உங்கள் வீட்டு டைரக்டரியைத் தானாகவே கன்டெய்னருக்குள் இணைத்துவிடும். சூழல் மாறிகளையும் உள்ளே விடும். நீங்கள் முன்பு என்றோ பயனர் கணக்கில் நிறுவிய நம்பை கன்டெய்னருக்குள் இருக்கும் நம்பையை முந்திக்கொண்டு ஓடும். எல்லாம் சரியாக வேலை செய்யும். இமேஜை வேறொருவர் ஓட்டும்போதுதான் உடையும், அல்லது உடையாமல் வேறு விடை தரும். பின்னது மோசம். எனவே கட்டுரைக்கான ஓட்டங்களை வீட்டு டைரக்டரியையும் வெளிச் சூழலையும் துண்டிக்கும் 'கன்டெய்ன்ஆல்' தெரிவோடு மட்டுமே ஓட்டுங்கள். தேவையான தரவு டைரக்டரியை மட்டும் பெயர் சொல்லி இணையுங்கள்.

அடிப்படை இமேஜைக் குறிப்பிடும்போது 'லேட்டஸ்ட்' என்ற அடையாளத்தை ஆய்வுப் பணியில் அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்று அது சுட்டுவது ஒன்று, ஆறு மாதம் கழித்துச் சுட்டுவது வேறொன்று. இமேஜின் டைஜஸ்ட் எண்ணையே எழுதுங்கள்.

எம்பிஐயும் ஜிபியுவும் கன்டெய்னரின் சுவரில் ஓட்டை போடுபவை. பல நோடுகளில் வேகமாக ஓட, கிளஸ்டரின் நெட்வொர்க்குக்கு ஏற்ற எம்பிஐ வேண்டும். பல மையங்கள் தங்கள் எம்பிஐயைக் கன்டெய்னருக்குள் இணைக்கச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் எம்பிஐ உங்கள் ஸ்னாப்ஷாட்டில் இல்லை என்று பொருள். ஜிபியுவுக்கும் இதே நிலைதான்: 'என்வி' தெரிவு கொடுத்ததும் தாய் இயந்திரத்தின் என்விடியா டிரைவர் லைப்ரரிகள் உள்ளே வருகின்றன. கெர்னலில் உள்ள டிரைவரோடு அவை பொருந்தியே ஆக வேண்டும் என்பதால் இதைத் தவிர்க்கவும் வழியில்லை. தவிர்க்க முடியாததைப் பதிவு செய்யுங்கள்: கன்டெய்னருக்குள் ஓடும் நிரல் உண்மையில் எந்தக் கோப்பிலிருந்து எந்த லைப்ரரியை ஏற்றியது என்பதை எல்டிடி கட்டளையால் எடுத்து, ஒவ்வொரு ஓட்டத்தின் பதிவிலும் எழுதி வையுங்கள்.

இமேஜுக்குள் வராதவை

கன்டெய்னர் தாய் இயந்திரத்தின் கெர்னலில்தான் ஓடுகிறது. பழைய இமேஜ் புதிய கெர்னலில் என்றும் ஓடும் என்ற நம்பிக்கைக்கு வரம்பு உண்டு. சென்ட்ஓஎஸ் 6 கன்டெய்னர்களைப் புதிய இயந்திரங்களில் ஏற்றியவர்களுக்கு இது தெரியும்: வி-சிஸ்கால் என்ற பழைய வழியைக் கெர்னல் அமைப்பில் அணைத்து வைத்திருந்தால் ஷெல்லே எழாமல் விழும்.

முழு இயந்திர இமேஜிலும் ப்ராசசரின் மைக்ரோகோடும், பயாஸ் அமைப்பும், ஹைப்பர்த்ரெடிங் திறந்திருந்ததா என்பதும் இருக்காது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைகள் வெளியானபின் வந்த கெர்னல், மைக்ரோகோட் திருத்தங்கள் அதே இயந்திரத்தின் வேகத்தை மாற்றின. குறிப்பாக, சிஸ்டம் அழைப்புகள் அதிகம் உள்ள நிரல்களில். அதற்கு முன் எடுத்த அளவையும் பின் எடுத்த அளவையும் அப்படியே ஒப்பிட முடியாது.

கம்பைல் செய்யும்போது 'மார்ச்-நேட்டிவ்' கொடுப்பதும் இங்கே சேரும். ஏவிஎக்ஸ்-512 உள்ள இன்டெல் நோடில் அப்படிக் கட்டிய நிரல், அது இல்லாத நோடில் ஏறியதும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று நின்றுவிடும். இலக்கு ப்ராசசரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். நின்றுவிடுவதாவது கண்ணுக்குத் தெரியும். ஓபன்பிளாஸ், எம்கேஎல் போன்றவை ஓடும் நேரத்தில் ப்ராசசரைப் பார்த்து, அதற்கேற்ற உள்வழியைத் தாமே தேர்ந்தெடுக்கும். ஒரே இமேஜ், ஒரே பைனரி, கடைசி இலக்கங்கள் மட்டும் வேறு. எம்கேஎல்லில் இதைக் கட்டிப்போட ஒரு சூழல் மாறி உண்டு. வேகம் சற்றுக் குறையும்.

கோப்பு முறைமையும் வெளியே நிற்கிறது. 2019-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 'ஆர்கானிக் லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்ட கண்டறிதல் இதற்குச் சான்று. வேதிச் சேர்மங்களின் என்எம்ஆர் அளவுகளைக் கணக்கிடும் பைத்தான் ஸ்கிரிப்ட்கள் 2014 முதல் புழக்கத்தில் இருந்தன. அவை டைரக்டரியிலுள்ள கோப்புகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் வரும் என்று எதிர்பார்த்தன. இயங்குதளம் மாறினால் வரிசை மாறியது, விடையும் மாறியது. ஸ்கிரிப்டில் பட்டியலை அகரவரிசைப்படுத்தும் ஒரு வரி போதுமாக இருந்தது. லஸ்டரில் எழுதி லோக்கல் வட்டில் சோதிக்கும் நம் துறையில் இந்த வரியை எங்கும் மறக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் கையால் குறித்துவைக்க நினைத்தால் நடக்காது. ஸ்லர்ம் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே பத்து வரி எழுதிவிடுங்கள்: நோடின் பெயர்கள், எல்எஸ்சிபியு விவரம், மைக்ரோகோட் எண், கெர்னல் பூட் வரி, பாதுகாப்புத் திருத்தங்களின் நிலை, சிபியு கவர்னர், என்யுஎம்ஏ அமைப்பு, என்விடியா-எஸ்எம்ஐ, ஏற்றிய மாட்யூல்கள், இமேஜின் ஷா-256. இவையெல்லாம் சில நொடி வேலை.

இமேஜும் வேண்டும், செய்முறையும் வேண்டும்

ஸ்னாப்ஷாட்டை எதிர்ப்பவர்கள் சொல்லும் வாதத்தில் நியாயம் இருக்கிறது: இமேஜ் ஓடும், ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்று காட்டாது. ஏன் அந்தப் பதிப்பு, எந்த ஒட்டு போட்டுக் கட்டினார்கள் என்று கேட்டால் இமேஜிடம் பதில் இல்லை. இமேஜைக் கட்டும் படிகளை எழுதிய செய்முறைக் கோப்பு மட்டும் இருந்தால் போதும் என்று சிலர் நினைப்பதும் தவறு. சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. அதன் தொகுப்புகள் பழைய முகவரிகளிலிருந்து காப்பகத்துக்குப் போயின. அதுவரை ஒழுங்காக இமேஜ் கட்டிய எத்தனையோ செய்முறைக் கோப்புகள் முதல் நிறுவல் வரியிலேயே நின்றன. எடுத்து வைத்த இமேஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆக, இமேஜ் ஒவ்வொரு முறையும் செய்முறைக் கோப்பிலிருந்தே பிறக்கட்டும். ஓடும் இயந்திரத்துக்குள் கையால் நுழைந்து திருத்தியதை ஸ்னாப்ஷாட் எடுக்காதீர்கள். மென்பொருள் அடுக்கைக் கட்டி நிறுவும் கருவியான ஸ்பேக்கைப் பயன்படுத்துபவர்கள் அதன் லாக் கோப்பைச் சேர்த்து வைக்கலாம். அதே வகைக் கருவியான கிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தொகுப்புகளின் பட்டியலோடு கிக்ஸ் களஞ்சியத்தின் ஒரு கமிட் எண்ணையும் குறித்துவைத்தால், 'டைம்-மெஷின்' கட்டளை அன்றைய மென்பொருள் அடுக்கையே திரும்பக் கட்டும். மூல நிரலின் பழைய முகவரி செத்துப்போனால் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்தில் தேடி எடுக்கும். புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு நான் கிக்ஸைத்தான் பரிந்துரைப்பேன். கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும், மையத்தின் நிர்வாகியைச் சம்மதிக்க வைக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கும், இரண்டும் தகும்.

'அதே விடை' என்றால் எது?

இமேஜை வேறு இயந்திரத்தில் ஓட்டியதும் எதை ஒப்பிடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒரே இழையில் ஓடும் முழு எண் கணக்கு என்றால் பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போக வேண்டும். இணையாக ஓடும் மிதவைப்புள்ளிக் கணக்கில் அதை எதிர்பார்ப்பது வீண். காலநிலை மாதிரிக்காரர்களிடம் இதற்கு நல்ல வழி இருக்கிறது. அமெரிக்காவின் என்கார் மையம் தன் காலநிலை மாதிரியைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றும்போது, தொடக்க வெப்பநிலையில் 10-இன் அடுக்கு -14 அளவுக்கு மட்டும் நுண்ணிய அசைவு கொடுத்துப் பல ஓட்டங்களை ஓட்டி வைத்திருக்கிறது. மாதிரி இயல்பாகவே எவ்வளவு அலையும் என்பதை அந்தத் தொகுப்பு காட்டும். புதிய இயந்திரத்தின் விடை அந்த அலைவுக்குள் விழுந்தால் ஏற்கிறார்கள், வெளியே போனால் ஆராய்கிறார்கள். 'ஆறு இலக்கம் பொருந்தினால் சரி' என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லை வகுப்பதைவிட இது எவ்வளவோ நேர்மையானது. உங்கள் நிரலுக்கும் இப்படியொரு தொகுப்பை எடுத்து, இமேஜோடு சேர்த்தே வெளியிடுங்கள்.

எங்கே வைப்பது?

மையத்தின் ஸ்க்ராட்ச் வட்டில் வைத்தது, சில வாரம் யாரும் தொடாவிட்டால் துடைக்கப்படும். பொது இமேஜ் பதிவகங்கள் வணிக நிறுவனங்களுடையவை. அவற்றின் விதிகள் மாறும். இமேஜைக் காப்பகத்தில் சேருங்கள். செர்ன் நடத்தும் செனோடோ 2013 முதல் இயங்குகிறது. வழக்கமாக ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்று, நிலையான டிஓஐ எண் தரும். கட்டுரையில் அந்த எண்ணைப் போடுங்கள். கமீலியனில் செய்தவர்கள் அதன் பகிர்வுத் தளமான ட்ரோவி வழியாகச் சோதனையையும் அதன் குறிப்பேட்டையும் பகிரலாம்; அதோடு இமேஜின் ஒரு நகல் காப்பகத்திலும் இருக்கட்டும்.

கூடவே வைக்கும் விளக்கக் கோப்பில் எத்தனை நோடுகள், ஒரு நோடுக்கு எவ்வளவு நினைவகம், முழு ஓட்டம் எத்தனை மணி நேரம் என்பதை எழுதுங்கள். ஆயிரம் கோர்களில் ஒரு நாள் ஓடும் கணக்கைச் சரிபார்க்க எல்லோராலும் முடியாது. எனவே ஒரே நோடில் சில நிமிடங்களில் முடியும் சிறிய சோதனை ஒன்றையும், அது தர வேண்டிய விடையையும், ஏற்கத்தக்க அலைவையும் சேர்த்து வையுங்கள். வெளியிடும் முன், திட்டத்தில் இல்லாத சக ஆய்வாளர் ஒருவரிடம் டிஓஐ எண்ணை மட்டும் கொடுத்து அந்தச் சிறிய சோதனையை ஓட்டச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் வந்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியின் பதிலையும் விளக்கக் கோப்பில் சேர்த்த பிறகே கட்டுரையை அனுப்புங்கள்.